ஆர்டிஸ் அக்காவின் பழுப்புக் காரும் முப்பத்தெட்டாம் பக்கமும்

மைதான வேலைக் கொட்டகை,
சனிக்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து ஆர்டிஸ் அக்காவுக்குத் தம்பி வெர்லின் எழுதுவது.

இங்கே நான் சுகம், வீட்டுக்காரி கோலீன் சுகம், நாய்க்குக் காதில் மட்டும் கொஞ்சம் சொறி, மற்றபடி அதுவும் சுகம். அரிசோனா வெயிலில் நீயும் உன் முழங்காலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் காரும் சௌக்கியம். எடுத்த எடுப்பிலேயே காரைப் பற்றி எழுதுகிறானே என்று பதற வேண்டாம். எஞ்சின் காருக்குள்ளேயேதான் இருக்கிறது. இதை எதற்குத் தனியாகச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும். போனிலேயே சொல்லிவிடுங்கள் என்றுதான் கோலீன் சொன்னாள். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து கத்துவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

அதற்கு முன் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அக்டோபரில் நீ அனுப்பிய தடித்த உறையை நான் இன்னும் பிரிக்கவில்லை. வருஷா வருஷம் குளிருக்குப் பயந்து நீ அங்கே போய் இறங்கியதும் வெண்ணெய் தின்றால் ரத்தக்குழாய் அடைக்கும், உப்புத் தின்றால் தலை சுற்றும் என்று பத்திரிகைகளில் வெட்டிய துணுக்குகளை அனுப்புவாய். இதுவும் அதுதான் என்று கொட்டகை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்று நீ போனில், “லெட்டர் கெடச்சுதாடா? படிச்சியா?” என்று கேட்டாய். நானும் வாய் கூசாமல், “படிச்சேன்க்கா, நீ சொன்ன மாதிரியே செஞ்சுடறேன்” என்றேன். அப்புறம், “நீ இவ்வளவு சாதாரணமா எடுத்துப்பேன்னு நெனைக்கலடா” என்றாய். உன் குரல் கம்மியிருந்தது. என் கொலஸ்ட்ரால் மேல் உனக்கு இத்தனை அக்கறையா என்று எனக்கே கஷ்டமாகிவிட்டது. அன்றைக்கு வெண்ணெய் இல்லாமல்தான் ரொட்டி சாப்பிட்டேன். அன்றைக்கு மட்டும்.

இனி விஷயம். திங்கட்கிழமை காலை வானிலைக்காரர்கள் அறிவித்தார்கள்: புதன் மதியம் தொடங்கி வெள்ளி காலை வரை புயல், இருபது அங்குலத்துக்கு மேல் பனி, மணிக்கு ஐம்பது மைல் காற்று. நம் மின்னசோட்டாவில் இதற்கு ‘அவ்வளவு மோசமில்லை’ என்று பெயர். ஆனால் எங்கள் பல்கலைக்கழகத்தில் பத்து மணிக்கே கூட்டம் போட்டுவிட்டார்கள். இந்த வருஷம் கட்டடம், மைதானம், கொதிகலன் எல்லாவற்றுக்கும் மேலே பெல்டன் மேடம் என்று ஒருவர் வந்திருக்கிறார். பனியே விழாத ஜார்ஜியா கடற்கரைப் பக்கம். நல்ல மனுஷிதான், குறை சொல்வதற்கில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கோட்டுப் போட்டுக்கொண்டு கையை மடக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார், பார்க்கவே பாவமாக இருக்கும். அவர் ஆளுக்கொரு திட்டப் புத்தகம் கொடுத்தார். நாற்பத்தொரு பக்கம். அவர் முன்பு வேலை பார்த்த கல்லூரியில் கடல் புயலுக்காக எழுதியது. ‘சூறாவளி’ என்று இருந்த இடத்தில் எல்லாம் ‘பனிப்புயல்’ என்று மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டிருந்தார். ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்ட வேண்டும். வாசல்களில் மணல் மூட்டை அடுக்க வேண்டும். நீச்சல் குளத்து நாற்காலிகளை உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

என்னோடு முப்பது வருஷமாகப் பனி வாரும் ஆர்லோவை உனக்குத் தெரியும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். “மணல எதுக்கு மேடம் மூட்டையில கட்டணும்? ரோட்டுல தூவத்தானே அத வாங்கறோம்?” என்றான். மேடம் அதைக் குறித்துக்கொண்டார். பதினான்காவது விதிக்கு வந்ததும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீரில் நிற்கும் படகு முதலானவற்றை முன்கூட்டியே கரைக்கு இழுத்துக் கட்ட வேண்டும் என்பது அந்த விதி.

“ஏரில படகு ஏதாவது நிக்குதா?”

“மேடம், ஏரியே இப்ப ரோடு. நேத்து அந்த ஐஸ்மேல என் மச்சான் வண்டி ஓட்டிட்டுப் போயி, ஓட்ட போட்டு மீன் பிடிச்சான்” என்றான் ஆர்லோ.

“அப்ப இத அடிச்சிடலாமா, மிஸ்டர் நட்சன்?” என்று என்னைக் கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் முகம் வாடிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. “இருக்கட்டும் மேடம், எதுக்காவது ஆகும்” என்று சொல்லிவைத்தேன். அந்த ஒரு நல்ல வார்த்தை எனக்கு எப்படித் திரும்பி வந்தது என்பதைக் கீழே பார்ப்பாய். புத்தகத்தின் கடைசிப் பத்துப் பக்கம் வண்டிகளின் பட்டியல், யாருடைய வண்டி எங்கே நிற்கிறது, யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று. அதை யார் படிப்பார்கள்? புத்தகத்தைச் சுருட்டிப் பின்பையில் சொருகிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

அப்புறம் ‘அவசியமானவர்கள்’ பட்டியலை ஒட்டினார்கள். புயல் நாளில் பல்கலைக்கழகத்தை மூடினாலும் இவர்கள் மட்டும் வந்தே ஆக வேண்டும், உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வேண்டும். நான், ஆர்லோ, கொதிகலன் பார்க்கிறவர், சாப்பாட்டுக் கூடத்து பெர்னிஸ், இப்படி ஒன்பது பேர். பட்டியல் ஒட்டிய அரை மணி நேரத்தில் துணைவேந்தரே கொட்டகைக்கு வந்துவிட்டார்.

“வெர்லின், நான் எந்த லிஸ்ட்ல இருக்கேன்?”

“வீட்ல இருக்கவேண்டியவங்க லிஸ்ட்ல சார்.”

“அதுல வேற யாரெல்லாம்?”

“பேராசிரியருங்க எல்லாரும் சார்.”

அவர் உப்பு மூட்டை ஏதாவது தூக்கவேண்டியிருக்கிறதா என்று கேட்டார். ஒரு மூட்டை கொடுத்து அனுப்பினேன். பாவம், ஒரு மனுஷனுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி.

பெர்னிஸ் புயலுக்குச் செய்கிற முதல் ஏற்பாடு ரொட்டி சுடுவது அல்ல, பெரிய பிளாஸ்டிக் சாப்பாட்டுத் தட்டுகளைப் பூட்டி வைப்பது. நூலகத்துச் சரிவில் பனி விழுந்த அடுத்த நிமிஷம் ஒரு தட்டு மிஞ்சாது. பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து சறுக்கப் போய்விடுவார்கள். சென்ற வருஷம் சூப்பை எல்லாரும் பேப்பர் கப்பில் குடித்தார்கள். அதனால் இந்தத் தடவை தட்டுகளை அலமாரியில் அடுக்கி, சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அதற்கு அப்புறம்தான் மாவு பிசைய உட்கார்ந்தாள். தொள்ளாயிரம் பிள்ளைகளுக்கு மூன்று நாள் சாப்பாடு. உருளைக்கிழங்கு உருண்டைகளை மேலே பரப்பிச் சுடுவாளே அந்தக் கறி, அதையே மூன்று நாளும் போடப்போவதாகச் சொன்னாள். யாரும் வருத்தப்படவில்லை.

நான் திங்கள் முழுக்க நடைபாதை ஓரங்களில் ஆரஞ்சுக் குச்சிகள் சரியாக நிற்கின்றனவா என்று பார்த்தேன். பனி மூடிவிட்டால் எது பாதை, எது பூச்செடி, எது தண்ணீர்க் குழாய் என்று அந்தக் குச்சிகளை வைத்துத்தான் ஆர்லோ கண்டுபிடிப்பான். குச்சி இல்லாத இடத்தில் போன வருஷம் ஒரு பெஞ்சையே வாரிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டான், அது மே மாதம்தான் கிடைத்தது. செவ்வாய் காலை ஏழு மணிக்கே ஊர்க்கோடி உப்புக் கிடங்குக்குப் போய்விட்டேன். உப்புத் தண்ணீரில் பீட்ரூட் சாறு கலந்து ரோட்டில் தெளித்தால் பனி ஒட்டாது. அந்தக் கலவை யந்திரம் உறைந்துபோய் அடைத்துக்கொண்டது. மைனஸ் பத்தொன்பதில் அதைப் பிரித்துத் துடைத்துத் திரும்ப மாட்டுவதற்குள் மணி இரண்டரை ஆகிவிட்டது. என் மேலெல்லாம் பீட்ரூட் சாறு. வழியில் இரண்டு மான்கள் என் வண்டிக்குப் பின்னாலேயே சொட்டிய உப்புச் சாற்றை நக்கிக்கொண்டு வந்தன.

மூன்று மணிக்குக் கொட்டகைக்கு வந்தேன். அன்றைக்கு நாலு மணிக்குள் எல்லா வண்டி நிறுத்தங்களையும் காலி செய்யவேண்டும் என்று உத்தரவு. உன் கார் வழக்கம்போலக் கொட்டகைக்குப் பின்னால் நின்றது, அதாவது காலையில் நின்றது. ஆறு வருஷமாக ஒவ்வொரு அக்டோபரிலும் நீ சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாய், நான் அதை அங்கே நிறுத்தி, எஞ்சின் உறையாமல் இருக்க அதைச் சூடாக்கும் கரண்ட் வயரைச் சொருகி வைப்பேன், ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பேன். ஹார்லன் அத்தான் நமக்கு விட்டுப்போன வண்டி என்றால் சும்மாவா? கதவைப் பூட்டுவதில்லை, பூட்டினால் பூட்டு உறைந்துவிடும். இப்போது பார்த்தால் கார் இல்லை. கார் நின்ற இடம் மட்டும் நீளச் சதுரமாகக் காய்ந்து கிடந்தது. வயர் அழகாகச் சுருட்டிச் சுவர் ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கார்களை இழுத்துப்போகும் லாரிக்காரனுக்குப் போன் செய்தேன். அவன் தொடவே இல்லை என்றான். ஊர்ப் பனிச்சறுக்கு அரங்கத்துக்கு ஓடினேன், அங்கேதான் நிறுத்தங்களிலிருந்து எடுத்த மற்ற கார்கள் எல்லாம் நின்றன. அங்கேயும் இல்லை. திரும்பி வந்தபோது ஆர்லோ வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தான்.

“என்னய்யா தேடற?”

“எங்க அக்கா காரு.”

அவன் ஒரு வாய் குடித்தான். “ஏரிப் பக்கம் பாத்தியா?”

பார்த்தேன். கரையிலிருந்து முந்நூறு அடி தள்ளி, உறைந்த ஏரியின் நடுவில், உன் கார் நின்றது. கூரையில் சிவப்புக் கொடி. பக்கவாட்டில் ‘நான் எப்போது முழுகுவேன்?’ என்று பெயின்ட். சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும், இடம் என்னவோ நல்ல இடம்தான்.

அந்தப் பந்தயம் உனக்கு நினைவிருக்கும். ஜனவரியில் ஒரு ஓட்டைக் காரை ஏரிமேல் நிறுத்தி, கரையோடு சங்கிலியும் கடிகாரமும் கட்டிவிட்டு, வசந்தத்தில் அது எந்தத் தேதி எத்தனை மணிக்கு உள்ளே போகும் என்று டிக்கெட் விற்பார்களே. ஏப்ரல் பத்தொன்பது, மாலை நாலே கால் என்று எழுதி ஹார்லன் அத்தான் ஒரு தடவை முழுப் பன்றித்தொடை ஜெயித்து வந்தார். அப்போது லயன்ஸ் கிளப் ஆட்கள் நடத்தினார்கள், இப்போது எங்கள் பொறியியல் பிள்ளைகள் நடத்துகிறார்கள். தலைவி கெல்சி என்று ஒரு பெண், வாய் படபடவென்று இருக்கும், கை அதைவிட வேகம். பட்டறையில் பிடித்தேன்.

“இந்தக் காரை யாரைக் கேட்டு எடுத்தே?”

“புயலுக்கு முன்னாடி ஏத்திடணும் சார். பனி கொட்டிடுச்சுன்னா அதோட கனத்துல ஐஸ் அமுங்கி மேல தண்ணி ஏறிக்கும், அப்புறம் மூணு வாரத்துக்கு யாரும் கால் வைக்க முடியாது. அதான் இன்னிக்கே—”

“யாரைக் கேட்டுன்னு கேட்டேன்.”

“கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கு சார். கொட்டகைக்குப் பின்னால, பழுப்புக் காருன்னு தெளிவா இருக்கு. மேடம்கிட்ட குடுத்துட்டோம்.”

எனக்கு விஷயம் புரிந்துபோயிற்று. கொட்டகைக்குப் பின்னால் பழுப்பாக இரண்டு வண்டி உண்டு. ரசாயனப் பேராசிரியர் ஓய்வு பெற்றபோது விட்டுவிட்டுப் போனது இன்னொன்று. அது பழுப்பானது துருவினால். அதை விட்டுவிட்டு இதுகள் உன் காரை இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, “சரி, எஞ்சின ஸ்டார்ட் பண்ணி நானே ஓட்டிட்டு வந்துடறேன்” என்றேன்.

கெல்சி என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். மேஜைமேல் உன் எஞ்சின் இருந்தது. எண்ணெய் ஏரியில் கலக்கக்கூடாது என்று விதி, அதனால் எஞ்சினைக் கழற்றிவிட்டுத்தான் காரை ஏற்றுவார்கள். பன்னிரண்டு பேர், மூன்றரை மணி நேரம். ஒவ்வொரு திருகையும் காகிதக் கப்பில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அத்தான் வாங்கிய நாளிலிருந்து அந்த எஞ்சின் அவ்வளவு சுத்தமாக இருந்ததே கிடையாது.

நேரே பெல்டன் மேடத்திடம் போனேன். அவர் ஜன்னலில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், பசங்க தப்பான காரை ஏரில ஏத்திட்டாங்க.”

“அப்படியா? முப்பத்தெட்டாம் பக்கம் பாத்தீங்களா? அதுக்கான பேப்பர் அங்க ஒட்டியிருக்கேனே.”

“பக்கமெல்லாம் பாக்க இப்ப நேரமில்ல மேடம்.”

“ஒரு நிமிஷம்தான் ஆகும், மிஸ்டர் நட்சன்.”

“மேடம், அது எங்க அக்கா காரு. எனக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் சொல்லிவிட்டேன்.

புதன் காலை எட்டு மணி. புயலுக்கு இன்னும் நாலு மணி நேரம். வானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. கெல்சி விடுவதாக இல்லை. டிக்கெட்டில் உன் காரின் படம் போட்டு விற்றாகிவிட்டதாம், காரே இல்லாவிட்டால் ஊர் சிரிக்குமாம், அந்தப் பணத்தில்தான் ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குகிறார்களாம். அப்போது அவள் கண் கலங்கிற்று. எனக்குப் பிள்ளைகள் அழுதால் தாங்காது. என்ன சொல்கிறோம் என்று யோசிப்பதற்குள், “என் பிக்கப் வண்டிய எடுத்துக்கோம்மா, ஐஸ் திரும்ப இறுகினதும் அதை ஏத்திக்கோ” என்று சொல்லிவிட்டேன். அவள் உடனே ஒரு தாளை நீட்டினாள், நானும் கையெழுத்துப் போட்டேன். எங்களுக்கு இருப்பது அந்த ஒரு வண்டிதான், உனக்குத் தெரியும். கோலீனிடம் இன்னும் சொல்லவில்லை. நீ போன் செய்தால் தயவுசெய்து உளறிவிடாதே.

டிராக்டரை ஏரிமேல் கொண்டுபோக எனக்கு அதிகாரம் இல்லை. புயல் நேரத்தில் ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பவும் அதிகாரம் இல்லை. மேடம் கரையில் வந்து நின்று, மூன்று கோட்டுக்குள்ளிருந்து, “எந்த விதிப்படி இதச் செய்யறீங்க?” என்று கேட்டார். பின்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினேன். “பதினாலாவது விதி மேடம். நீரில் நிற்கும் படகு முதலானவற்றைக் கரைக்கு இழுத்துக் கட்டவும். முதலானவைல இது வரும்.” அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அந்தத் திட்டத்தில் ஒரு விதியாவது யாராவது நிஜமாகச் செய்கிறார்களே என்று அவருக்குச் சந்தோஷம் என்று நினைக்கிறேன். “கயிறு இருக்கா?” என்று கேட்டார்.

கயிறு இருந்தது. ஆனால் காரின் சக்கரம் அசையாமல் இருக்க நாலையும் மரப்பலகைமேல் வைத்துத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்திருந்தார்கள். கடப்பாரைக்கும் மசியவில்லை. ஆர்லோ உப்புத்தண்ணீர் பீப்பாயைச் சறுக்குவண்டியில் இழுத்து வந்து, ரோட்டுக்கு வைத்திருந்த பீட்ரூட் கலவையை நாலு சக்கரத்துக்கும் ஊற்றினான். இருபது நிமிஷத்தில் இளகிவிட்டது. இளகிய சக்கரம் ஐஸில் உருளாமல் வழுக்கி எங்கெங்கோ போயிற்று. அப்போது பெர்னிஸ், மாவுக் கையோடு, கழுத்துச் சாவியைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

“எத்தன தட்டு வேணும், வெர்லின்?”

“சக்கரத்துக்கு ரெண்டு, எட்டு போதும்.”

“இழுக்கறதுக்கு ஆளு?”

“நாப்பது பேராவது வேணும்.”

அவள் விடுதிப் பக்கம் திரும்பிக் கையைக் குவித்து ஒரே ஒரு கத்தல் கத்தினாள். “காரை இழுத்தவனுக்கெல்லாம் தட்டு! சறுக்கிட்டுக் கழுவிக் குடுக்கணும்!” நாற்பது கேட்டதற்கு நூறு பேர் வந்தார்கள். எட்டுத் தட்டைச் சக்கரத்துக்கடியில் சொருகி, கயிற்றைக் கட்டி, துணைவேந்தர் முன்னால் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ண, ஹார்லன் அத்தான் கார் கரைக்கு வந்து சேர்ந்தது. துணைவேந்தருக்கு முகம் எல்லாம் பிரகாசம். அவர் அவசியமானவராக இருந்தது அந்தப் பதினைந்து நிமிஷம்தான். பட்டறைக் கதவைச் சாத்தியபோது முதல் பனி விழுந்தது. மணி பதினொன்றே முக்கால்.

புயல் வந்தது, இருபத்திரண்டு அங்குலம் கொட்டியது, போயிற்று. அவ்வளவு மோசமில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆர்லோ ஒரு பெஞ்சைக்கூட வாரவில்லை. வியாழனும் வெள்ளியும் வகுப்பு கிடையாது என்பதால் கெல்சியும் பன்னிரண்டு பேரும் பட்டறையில் உட்கார்ந்து, கப்புகளில் இருந்த திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து எஞ்சினைத் திரும்ப மாட்டினார்கள். கடைசியில் ஒரு கப் மிஞ்சியது. அது யாரோ குடித்துவிட்டு வைத்த காபி என்று தெரிந்தபோது எல்லாரும் மூச்சு விட்டோம். வெள்ளி மாலை சாவியைத் திருகினேன். இரண்டாவது திருகலில் கிளம்பிவிட்டது. நான் அழவில்லை, பீட்ரூட் நெடி கண்ணில் பட்டது.

ஆகவே அக்கா, உன் காருக்கு ஒரு குறையும் இல்லை. பக்கவாட்டில் ‘முழுகுவேன்?’ என்ற எழுத்து மட்டும் இன்னும் போகவில்லை. முன் சக்கரத்துக்கு மேலே ஒரு தட்டு சிக்கிக்கொண்டிருக்கிறது. இன்று காலை மான்கள் வந்து பம்பரை நக்கின. ஏப்ரல் இருபதாம் தேதி வழக்கம்போல விமான நிலையத்துக்கு அதிலேயே வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன்.

கோலீன் உனக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள். பெர்னிஸ் உன் எலுமிச்சை கேக் செய்முறையைக் கேட்கிறாள். ஆர்லோ ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை, கையை மட்டும் ஆட்டினான். நீ வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே, முழங்காலுக்கு எண்ணெய் தடவு, வாய்க்கு ருசியாகச் சாப்பிடு, எங்களை மறந்துவிடாதே.

உன் தம்பி,
வெர்லின்

பி.கு.: ஒட்டிய கடிதத்தைத் திரும்பப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டிவிட்டு விலாசம் எழுத உட்கார்ந்தேன். இந்த வருஷம் நீ வேறு வீட்டில் இருப்பதாக கோலீன் சொன்னாள், கதவு எண் தெரியவில்லை. இழுப்பறையிலிருந்த உன் அக்டோபர் உறையை எடுத்தேன். மூலையில் இருந்த விலாசம் பீட்ரூட் சாறு பட்டுக் கரைந்திருந்தது. உள்ளே இருக்கும் என்று பிரித்தேன்.

கொலஸ்ட்ரால் பற்றி ஒரு வரிகூட இல்லை.

“முழங்கால் இனிமே பனியில நடக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்டா. இங்கயே ரெண்டு ரூம் வீடு பாத்துட்டேன். இனி ஏப்ரல்ல வரமாட்டேன். அவர் காரை ஏரிப் பந்தயத்துக்குக் குடுத்துடு, அவருக்கும் அதுதான் பிடிக்கும். பேப்பர்ல கையெழுத்துப் போட்டு அந்தப் பிள்ளைங்களுக்கு நானே அனுப்பிட்டேன். உனக்கு வருத்தம்னா சொல்லு. இல்லன்னா நான் சொன்ன மாதிரி செஞ்சுடு” என்று எழுதியிருக்கிறாய்.

எழுந்து போய் முப்பத்தெட்டாம் பக்கத்தைப் பார்த்தேன். உன் கையெழுத்துதான், அதே வலப்பக்கச் சாய்வு. பெல்டன் மேடத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கெல்சியிடமும்.

கிறிஸ்துமஸ் அன்று நான் சொன்னதை ரத்து செய்கிறேன். எனக்கு வருத்தம். ரொம்ப வருத்தம். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் அந்தக் காரை ஓடவிட்டது எஞ்சினுக்காக இல்லை. அது கிளம்பினால் நீ வருவாய் என்று எனக்கு ஒரு எண்ணம்.

முறைப்படி பார்த்தால் உன் காரைத் திரும்ப ஏரிக்குக் கொடுத்துவிட்டு என் பிக்கப்பை நான் மீட்டுக்கொள்ளலாம். கெல்சி சம்மதிப்பாள். ஆனால் நான் கேட்கப்போவதில்லை. முழங்காலுக்குப் பனிதானே ஆகாது? ஏப்ரலில் பனி இருக்காது, மிச்சம் இருந்தால் நானே வாரிவிடுகிறேன், எனக்கு அதுதானே வேலை. வாசலிலிருந்து கார்வரைக்கும் ஒரு பொட்டு இல்லாமல் வாருகிறேன். தங்க வேண்டாம், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போ. காரை முழுக்கியே தீரவேண்டும் என்றால் சாவி என்னிடம்தான் இருக்கிறது, நேரில் வந்து வாங்கிக்கொள். ஏப்ரல் இருபதாம் தேதி விமான நிலையத்தில் நிற்பேன். அத்தான் காரில்தான் வருவேன். அதற்குள் என் வண்டி ஏரியில் போயிருக்கும், எனக்கு வேறு வண்டி கிடையாது.